இன்னொருவனுக்கு வைத்த முகம்

மார்ச் 3, செவ்வாய். காலை ஆறு நாற்பது. உங்களிடம் இருக்கும் என் புகைப்படம்: ஒன்று.

மருத்துவமனைப் பிணவறை ஒப்பனையாளருக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. வார்டு நர்ஸுக்கு எழுதிக் கேட்டேன். "கீழ்மாடி மேக்கப் அம்மா" என்று மட்டும் பதில் வந்தது. கடிதம் வந்து சேர அது போதும்.

நலம் விசாரிக்கும் பழக்கம் எனக்கில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஜூலையில் துணை மின்நிலையத்தில் ஒரு சுவிட்ச் பெட்டி வெடித்தது. உள்ளே இரண்டு பேர் இருந்தோம். நான் மின் பொறியாளர். மற்றவன் என்னோடு வேலை பார்த்தவன். யோசிக்கும்போதெல்லாம் ஒரு பாதத்தைத் தூக்கி மற்ற முழங்காலில் ஊன்றி நிற்பான். அதனால் எல்லாருக்கும் அவன் கொக்கு. வேலை தொடங்குமுன் அவனுடைய பாதுகாப்புக் கோட்டின் ஜிப் அறுந்துவிட்டது. "உன்னுதைக் குடுடா, நீ பின்னாடிதானே நிக்கப்போற" என்றான். மாற்றிக்கொண்டோம். கோட்டின் மார்பில் பெயர் தைத்திருக்கும். அவன் என் பெயரோடு செத்தான். நான் அவன் பெயரோடு, தலை முழுக்கக் கட்டும் தொண்டையில் குழாயுமாக மேல்மாடிக்குப் போனேன்.

அதனால் என் அம்மாவிடம் மகன் இறந்துவிட்டான் என்றார்கள். கொக்கின் அம்மாவை என் படுக்கையருகே உட்காரவைத்தார்கள். அவன் முகத்தில் மிச்சம் ஒன்றும் இல்லை. உங்களிடம் என் படங்களைக் கொடுத்தார்கள். நீங்கள் அவனுக்கு என் முகத்தைச் செய்துவைத்தீர்கள். மூன்றாம் நாள் என் அம்மா அந்த முகத்தைப் பார்த்து அழுது, அடக்கம் செய்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஐந்தாம் நாள் என் குழாயை எடுத்தார்கள். நான் என் பெயரைச் சொன்னேன். அப்புறம் நடந்த கூத்து உங்களுக்கும் தெரியும்.

இப்போது நான் மலைமேல் ஒரு அலைபரப்புக் கோபுரத்தில் வேலை பார்க்கிறேன். கேட்டு வாங்கிய இடமாற்றம். ஜெனரேட்டர், பேட்டரி அறை, நான். வாரம் ஒருமுறை சாமான் ஜீப்.

வேலை முடிந்ததும் நீங்கள் ஒரு படம் எடுத்துக் கோப்பில் வைப்பது வழக்கம் என்று நர்ஸ் எழுதியிருந்தார். அதில் என் முகம் செத்துக் கிடக்கிறது. அதை அழித்துவிடுங்கள். அழித்ததும் ஒரு வரி எழுதுங்கள். போன் செய்யாதீர்கள். குழாய் போட்டதில் குரல் கெட்டுவிட்டது, எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
மேல்மாடிக்குப் போனவன்

*

மார்ச் 11

என்ஜினியர் தம்பிக்கு,

மணி பார்க்காமல் எழுதுகிறேன். கீழ்மாடியில் யாருக்கும் அவசரமில்லை.

தம்பி என்று கூப்பிடலாமா என்று கேட்கப் போவதில்லை. உங்கள் மூக்கை இரண்டு முறை கலைத்துத் திரும்பச் செய்தவள் நான். அந்த உரிமை எனக்கு இருக்கிறது.

முன்பு கல்யாண ஒப்பனை செய்துகொண்டிருந்தேன். "இன்னும் கொஞ்சம் கலரா போடுங்க", "கன்னம் ஒட்டினாப்பல இருக்கே, ஏதாவது பண்ணுங்க" என்று பெண்ணைத் தவிர எல்லாரும் யோசனை சொல்வார்கள். இங்கே அந்தத் தொல்லை இல்லை. வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு என்னை நம்புகிறார்கள்.

அன்று நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். தாடை படத்தோடு ஒத்துப்போகவில்லை. உங்களுக்குக் கூர்மோவாய். என் கையில் இருந்தது அகலத் தாடை. ஒரு நொடி கை நின்றது. வெடிப்பில் எலும்பு விலகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கவாட்டில் நிழல் கொடுத்து, மோவாயில் மெழுகு ஏற்றி, ஒத்துப்போகவைத்தேன். உங்கள் அம்மா வந்தார். கன்னத்தைத் தொட்டு, "தூங்குற மாதிரியே இருக்கான்" என்றார். நான் கொஞ்சம் மட்டமாக வேலை செய்திருந்தால் "இது என் பிள்ளை இல்லை" என்று சொல்லியிருப்பார். என் வேலை நன்றாக இருந்தது தம்பி. நடந்த தப்பு அதுதான்.

படம் இருக்கிறது. ஒன்றுதான். உடல் எந்தப் பெயரில் வந்ததோ அந்தப் பெயரில்தான் கோப்பு. பிறகு யார் திருத்தினாலும் உறை மாறாது. ஆகவே அது உங்கள் கோப்பு. நீங்கள் அழி என்றால் அழிக்கத்தான் வேண்டும்.

ஆனால் அழிக்குமுன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் படத்தை இன்னொருவரும் கேட்கிறார். கொக்கின் அம்மா. வெள்ளிக்கிழமைதோறும் என் வாசலில் வந்து நிற்கிறார். இங்கே வருகிறவர்களில் தன் பிள்ளையின் உடலைக் கடைசியாகப் பார்க்காதவர் அவர் ஒருவர்தான். அவருக்கு விவரம் தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கல்லறைக் கல்லில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். "மூஞ்சி யாருதா இருந்தா என்ன, உள்ள இருந்தது என் பிள்ளைதானே, காட்டும்மா" என்கிறார். உங்களைக் கேட்காமல் காட்ட முடியாது என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

இப்போது கேட்கிறேன்.

கீழ்மாடி அக்கா

*

மார்ச் 17, காலை ஏழு ஐந்து.

மேடம்,

முடியாது.

காரணம் சொல்கிறேன், சொன்ன பிறகு வாதம் வேண்டாம். கட்டுப் பிரித்து நான் வீட்டுக்குப் போன அன்று அம்மா சமையலறையில் இருந்தார். "வந்துட்டியா" என்றார். குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சுவரைப் பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு நான் வீட்டில் இருந்தவரை சாப்பாடு போடும்போதும், மருந்து எடுத்துக் கொடுக்கும்போதும், சட்டை தேய்த்துத் தரும்போதும் சுவரையே பார்த்துப் பேசினார். ஒருநாள் கேட்டே விட்டேன். "அம்மா, நான் இங்க இருக்கேன்."

"தெரியும்டா. கண்ணு அந்தப் பக்கம் திரும்ப மாட்டேங்குது. நான் என்ன பண்ண" என்றார்.

அம்மா பொய் சொல்லவில்லை. என்னை ஒருமுறை அழுது முடித்துவிட்டார். நீங்கள் செய்த முகத்துக்கு முன்னால் அழுதார். அந்தக் கணக்கு அங்கேயே மூடிவிட்டது. மீதி நிற்கிற ஆளை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்தப் படம் வெளியே வந்தால் இன்னொரு அம்மாவும் என் முகத்தை வைத்து அழுவார். ஒரு முகத்துக்கு ஒரு தடவை போதும். அழித்துவிடுங்கள்.

*

மார்ச் 25

தம்பி,

வாதம் செய்யவில்லை. அழிக்கவும் இல்லை. கோபித்துக்கொள்ளுங்கள், தபாலில்தானே வரும்.

எனக்கும் ஒரு தொல்லை இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொன்னால் உதவுமோ இல்லையோ, அதிர்ச்சி கொஞ்சம் குறைவாக இருக்கும்; நீங்கள் அதிர்ச்சிகளைப் பார்த்தவர்.

அந்த வேலைக்குப் பிறகு என் கை கெட்டுவிட்டது. போன மாதம் ஒரு பேருந்து ஓட்டுநர் வந்தார், வயது அறுபதுக்கு மேல், உருண்டை முகம். செய்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் உங்கள் கன்னம். அந்த மேல் எலும்பின் சரிவு, அதே சரிவு. துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அடுத்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மறுபடி நீங்கள். உதவிக்கு நிற்கும் பெண் "என்னக்கா, எல்லாரும் ஒரே குடும்பமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் விரல் நுனியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். வெள்ளைத் துணியை விலக்குமுன், இன்று யாருக்கு உங்கள் முகம் வரப்போகிறது என்று பயமாக இருக்கிறது.

எனக்குத் தெரிந்த உங்கள் முகம் இப்போது உலகத்தில் இல்லை. இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. அது தெரிந்தால் இது போகும் என்று தோன்றுகிறது. படம் அனுப்ப மாட்டீர்கள். சரி, எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம், நீங்கள் ஒரு மெஷினைச் சோதித்தால் எப்படி எழுதுவீர்களோ அப்படி. மேலிருந்து கீழாக.

*

ஏப்ரல் 1, பகல் பதினொன்று. முட்டாள்கள் தினம் என்பதால் தொடங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேடம்,

முதலில் ஒரு கேள்வி. என் முகத்தை ஊரிலுள்ள பிணத்துக்கெல்லாம் வைத்து அனுப்புகிறீர்களா? அனுமதி கேட்டீர்களா? வாத்தியாருக்காவது பொருந்தியதா?

சரி. சோதனைக்கு இங்கே கண்ணாடி கிடையாது. வந்த முதல் வாரமே கழற்றி வெளியே வைத்துவிட்டேன். மீட்டர் பெட்டியின் கண்ணாடியில், டார்ச் வெளிச்சத்தில் பார்த்து எழுதுகிறேன். வழக்கமாக அந்த மீட்டர்களைச் சாய்ந்து நின்றுதான் படிப்பேன், என்னைத் தவிர்ப்பதற்காக. அதனால் இரண்டு அளவு எப்போதும் தப்பாகப் போகிறது. மேலதிகாரி இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

நெற்றி: இடது பாதி பளபளப்பு, சுருக்கம் விழாது. கோபப்பட்டால் பாதி நெற்றிதான் கோபப்படும்.

இடது புருவம்: இல்லை.

இடது கண்: பார்வை சரி. இமை இழுத்துக்கொண்டதால் தூங்கும்போதும் முழுதாக மூடாது. ஒரு கண் எப்போதும் டியூட்டியில்.

இடது காது: மடல் இல்லை. துளை இருக்கிறது, கேட்கிறது. கண்ணாடி போட வேண்டிய வயது வந்தால் எதில் மாட்டுவது என்பது எதிர்காலப் பிரச்சினை.

இடது கன்னம்: தொடைத் தோல். நிறம் வேறு. தொட்டால் உணர்ச்சி இல்லை. தொடையின் வழக்கப்படி முடி முளைக்கிறது. ஷேவ் செய்யும்போது எதைச் செய்கிறேன் என்று குழப்பம்.

வாய்: இடது ஓரம் மேலே இழுத்திருக்கிறது. எதைக் கேட்டாலும் நக்கலாகச் சிரிப்பதுபோல் இருக்கும். பாதி நேரம் அது உண்மைதான்.

கழுத்து: கயிறு கயிறாக. இடப்பக்கம் திரும்ப உடம்போடு திரும்ப வேண்டும்.

வலது பக்கம்: பழைய நிலை. பழுது எதுவும் இல்லை.

இதுதான் பிரச்சினை, மேடம். இடது பக்கத்தோடு நான் சமாளித்துவிடுவேன், அது நான்தான். வலது பக்கமாகக் கண்ணாடியில் தெரிந்தால், நீங்கள் பெட்டியில் வைத்து மூடிய ஆள் தெரிகிறான். அவன் என்னை நலம் விசாரிக்க வந்தவன்போல் எட்டிப் பார்க்கிறான்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். சுவிட்ச் போடுமுன் ஒவ்வொரு முறையும் "தள்ளி நில்லுடா" என்று சத்தமாகச் சொல்கிறேன். அறையில் யாரும் இல்லை. திரும்பிப் பார்த்துச் சரிபார்த்தும் விட்டேன். காலி. ஆனாலும் சொல்லாமல் கை சுவிட்சுக்குப் போகாது.

ஜீப் வரும் நாளில் வெல்டிங் முகமூடி போட்டுக்கொண்டு வெளியே வருவேன். "அப்படி என்ன சார் ஓயாம வெல்டிங்?" என்று ஜீப்காரர் கேட்கிறார். கோபுரமே வெல்டிங்கில்தான் நிற்கிறது என்று சொல்லியிருக்கிறேன். நம்பிவிட்டார்.

அறிக்கை முடிந்தது. உங்கள் கைக்கு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

*

ஏப்ரல் 9

தம்பி,

நீ என்று எழுதுகிறேன். இவ்வளவு தெரிந்த பிறகு நீங்கள் என்று எழுதக் கை வரவில்லை.

உன் கடிதத்தை மேஜையில் வைத்துக்கொண்டு மெழுகில் செய்து பார்த்தேன். பயப்படாதே, யார் முகத்திலும் இல்லை, வெறும் பலகையில். இடது கண்ணின் இழுப்பு மூன்று தடவை தப்பிற்று. வாய் ஓரம் வந்ததும் பலகை என்னைப் பார்த்து நக்கலாகச் சிரித்தது. "போடா" என்று சொல்லிவிட்டேன். உதவிக்காரப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மறுநாள் ஒரு பெண்மணி வந்தார். செய்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். அவர் அவராகவே இருந்தார். அதற்கடுத்து வந்தவரும். நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். உனக்கு நான் கடன்பட்டவள். நீ இதையெல்லாம் கேட்டால் பாதி நெற்றியைச் சுருக்குவாய்.

உன் வலது பக்கத்துக்காரனைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் உன் ஆவி இல்லை. அவன் நான் செய்த ஆளும் இல்லை. நான் செய்த தாடை அகலம், எவ்வளவு மெழுகு போட்டாலும் உள்ளே அகலம். பெட்டியில் போனது கொக்கு. நீ எட்டிப் பார்ப்பது உன்னைத்தான்.

இனி உனக்குப் பிடிக்காதது. கொக்கின் அம்மா போன வெள்ளி உள்ளே வந்து உட்கார்ந்தார். இத்தனை மாதத்தில் முதல் தடவை. "அவன் உயிரோடதான் இருக்கான்" என்று ஆரம்பித்தார். அவர் வீட்டுப் பக்கத்தில் எல்லாரிடமும் இதையேதான் சொல்கிறாராம், அவருக்கு மூளை பிசகிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். நான் மறுக்கவில்லை. "ஒரு தடவை கையை அழுத்துடான்னு கேட்டேன். அழுத்துனான். செத்தவன் அழுத்துவானா?" என்றார்.

தம்பி, அது நடந்ததா?

அக்கா

*

ஏப்ரல் 15

நடந்தது.

நேரம் தெரியாது, நாள் தெரியாது. மருந்தில் மிதந்துகொண்டிருந்தேன். கண்ணைத் திறக்க முடியாது. யாரோ கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார்கள். குரல் அம்மாவுடையது இல்லை என்று தெரிந்தது. அது யார் என்று யோசிக்கும் அளவுக்கு நான் இல்லை. "ஒரே ஒரு தடவை அழுத்துடா" என்றது. விட்டுவிட்டால் கீழே போய்விடுவேன் என்று இருந்தது. அழுத்தினேன்.

இதை வைத்து அவர் ஒரு மகனைக் கட்டி எழுப்பியிருக்கிறார் என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? இறங்கி வந்து "மன்னிக்க வேண்டும், அது வேறு கை" என்று சொல்லவா? இந்த மூஞ்சியோடு அவர் முன்னால் நின்றால் இடது பக்கத்தில் எந்த மகனை வேண்டுமானாலும் பார்க்கலாம். அங்கே தடுப்பதற்கு ஒன்றுமில்லை.

படத்தை அவர் பார்த்தால் என்ன நடக்கும் என்று யோசித்தீர்களா? அதில் என் முகம். "பார், இது என் பிள்ளை இல்லை, சொன்னேனே" என்பார். காலம் முழுக்க வாசலில் நிற்பார்.

மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். அழித்துவிடுங்கள். உங்கள் கை சரியாகிவிட்டதில் மகிழ்ச்சி. இனி நமக்குள் எழுத ஒன்றும் இல்லை.

*

ஏப்ரல் 20, அவசரம்

தம்பி,

நீ எழுத வேண்டாம் என்றாய். ஆனாலும் எழுத வேண்டியதாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை உன் கடிதத்தைப் படித்துவிட்டு உறையை மேஜைமேல் விட்டு உள்ளே கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது உறையும் இல்லை, கொக்கின் அம்மாவும் இல்லை. உன் நிலைய முகவரி உறையின் பின்னால் இருந்தது. அசட்டை என்னுடையது. வேண்டுமென்றே வைத்தீர்களா என்று நீ கேட்பாய். இல்லை. ஆனால் எடுத்துக்கொண்டார் என்று தெரிந்தபோது நான் பின்னால் ஓடவில்லை. அதை மறைக்க மாட்டேன்.

வியாழக்கிழமை ஜீப்பில் வருகிறார். ஜீப்காரரிடம் பேசிவிட்டாராம். இதை அதே ஜீப்காரரிடம் நாளைக்கே கொடுத்து, அவர் முன்னதாக வந்தால் கொண்டுவரச் சொல்கிறேன். முன்னதாக வராவிட்டால் இரண்டும் ஒன்றாகவே வந்து சேரும்.

கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம். நான் குறை சொல்ல மாட்டேன். படத்தை இன்னும் அழிக்கவில்லை. வியாழனுக்குப் பிறகும் அழி என்று எழுதினால், உன் எழுத்து வந்த அன்றே அழிப்பேன். இது சத்தியம்.

*

ஏப்ரல் 24, வெள்ளி. காலை.

அக்கா,

இரண்டும் ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தன. உங்கள் கடிதத்தை அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

மூடுபனி. ஹாரன் கேட்டு முகமூடியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ஜீப்காரர் அரிசி மூட்டையை இறக்கிவிட்டு, "சார், உங்க சொந்தக்காரங்களாம், ரெண்டு மணி நேரத்துல திரும்ப வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கோபுரத்துக்குக் கிளம்பிவிட்டார். குள்ளமான அம்மா. தோளில் ஒரு பை. எனக்கு அந்த முகம் தெரியாது. "வழுக்குது, கையைக் குடு" என்றார். அந்தக் குரல் தெரிந்தது.

உள்ளே வந்து பேட்டரிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். அது உட்காரும் இடம் இல்லை என்று சொன்னேன். "உன் மூஞ்சியில போட்டிருக்கிறதும் வீட்டுக்குள்ள போடறது இல்ல. கழட்டு. உள்ள யாருன்னு தெரியாம எப்படிப் பேசறது?"

கழற்றினேன்.

பார்த்தார். அக்கா, அப்படி யாரும் இதுவரை பார்த்ததில்லை. டாக்டர்கள் தோலைப் பார்ப்பார்கள். அம்மா சுவரைப் பார்ப்பார். இவர் இடது பக்கம் தொடங்கி வலது பக்கம் வரை, அவசரமில்லாமல், ஊர் வந்துவிட்டதா என்று பேருந்தில் பலகை படிப்பவர்போல் பார்த்தார். எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. நீங்கள் என்னை நினைத்துவைத்திருப்பதைவிட நான் கோழை.

பிறகு, "செருப்பைக் கழட்டு" என்றார்.

"எதுக்கு?"

"கழட்டுடா."

என் பாதத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார். "ஆமா. இந்தக் கால்தான்."

நான் தயாராக வைத்திருந்த பேச்சை ஆரம்பித்தேன். நான் உங்கள் மகன் இல்லை, கை அழுத்தியது நான்தான், மருந்து மயக்கத்தில் நடந்தது என்று. பாதியில் நிறுத்தினார்.

"தெரியும். ரெண்டாம் நாளே தெரியும்."

"எது?"

"நீ அவன் இல்லன்னு. போர்வை விலகியிருந்துச்சு. பெத்தவளுக்குக் கால் தெரியாதா?"

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. அடக்கம் மூன்றாம் நாள். "அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா அவன் செத்துருவானே."

அவரே பேசினார், ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டு. "மறுநாள் ஜன்னல்ல நின்னு பாத்தேன். வண்டி கிளம்புச்சு. உள்ள என் பிள்ளை போறான். பின்னாடி உங்கம்மா அழுதுட்டுப் போறாங்க. என் அழுகைய அவங்க அழறாங்க. எனக்கு அழ முடியல. அழுதா ஏன்னு கேப்பாங்க. திரும்பி வந்து உன் பக்கத்துல உட்காந்துகிட்டேன்."

"கையை அழுத்துன்னு கேட்டீங்களே?"

"நீயாவது இருக்கியான்னு பாக்கத்தான்."

அக்கா, நீங்களும் நானும் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம். மகன் உயிரோடு இருக்கிறான் என்று அவர் நம்பவே இல்லை. "அப்படியே சொல்லிட்டுத் திரிஞ்சா பைத்தியம்னு விட்டுடுவாங்க. பைத்தியத்துகிட்ட யாரும் ஏண்டி அன்னைக்கே சொல்லலன்னு கேக்க மாட்டாங்க" என்றார். தப்பான அம்மாவைத் தப்பான பெட்டியின் பின்னால் நடக்கவிட்டது அவர் என்று அவருக்குத் தெரியும். ஒத்துப்போகாத தாடையை மறைக்க உங்களிடம் மெழுகு இருந்தது. அவரிடம் இந்தப் பைத்தியப் பேச்சு மட்டும்தான் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. ஒளிக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் அம்மா என்னை அழுது முடித்திருக்க மாட்டார், இன்று என் முகத்தைப் பார்ப்பார் என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். கெட்ட குரலில் அது இன்னும் அசிங்கமாக இருந்தது.

"ஆமா" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதவைத் திறந்து வெளியே நிற்கவைத்திருப்பேன்.

அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் இருமியது. மாற்றுச் சுவிட்ச் போட வேண்டும். எழுந்து போனேன். "தள்ளி நில்லுடா" என்று வாய் சொல்லிவிட்டது. அவர் எழுந்து ஓரடி தள்ளி நின்றார். பிறகு என் பின்னால், காலியான இடத்தைப் பார்த்தார்.

"அவனையா சொன்ன?"

சுவிட்சில் கை வைத்தேன்.

"நிப்பான். ஒத்தக்கால்ல நிப்பான். வீட்டுலயும் அப்படித்தான், அடுப்பங்கரைப் பக்கம்."

நான் சுவிட்சைப் போட்டேன். இரண்டு பேரும் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே ஒன்றும் இல்லை. எனக்குக் கழுத்து ரோமம் நின்றது. வலது பக்கம் மட்டும், இடது பக்கம் ரோமம் இல்லை.

ஜீப் வந்தபோது முகமூடியைத் தேடினேன். அவர் அதன் மேல்தான் பையை வைத்திருந்தார். எடுத்துக் கொடுக்கவில்லை. அப்படியே வெளியே போனேன். ஜீப்காரர் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். "வெல்டிங்ல ஆனதா சார்?" என்றார். "இல்ல, வெல்டிங்கே இல்ல" என்றேன். "நானும் நெனச்சேன். ஒரு நாளும் புகையே வரல" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். அவ்வளவுதான். இத்தனை மாதம் இரும்பைத் தலையில் சுமந்தது இதற்குத்தான்.

ஏறும்போது கொக்கின் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "படத்தை அழிக்கச் சொல்லிட்டியா?" இல்லை என்றேன். மூன்று முறை சொல்லியிருந்தேன், ஆனாலும் இல்லை என்றேன். "நான் வாங்கிட்டுப் போக மாட்டேன். ஒரு தடவை பாத்து அழுதுட்டுக் குடுத்துடறேன். அழாத அழுகை இங்க நிக்குது" என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினார். எனக்குக் குழாய் போட்டிருந்த அதே இடம்.

நேற்றிலிருந்து யோசித்துவிட்டேன். இனி செய்யப்போவது:

1. படத்தை அழிக்க வேண்டாம். அவருக்குக் காட்டலாம். நான் வந்த பிறகு காட்டுங்கள்.

2. அடுத்த வியாழன் ஜீப்பில் இறங்குவேன். முன் சீட்டில், வெறும் முகத்தோடு. முகமூடி சாமான் அறைக்குப் போய்விட்டது.

3. முதலில் வீட்டுக்குப் போவேன். அம்மா சுவரைப் பார்த்துப் பேசினால், சுவர்ப்பக்கம் நாற்காலியைப் போட்டு உட்காருவேன். வேறு சுவருக்கு மாறினால் நாற்காலியும் மாறும். எனக்கு ஒரு வாரம் விடுப்பு இருக்கிறது.

4. இரண்டாம் நாள் விஷயத்தை அம்மாவிடம் நானாகச் சொல்ல மாட்டேன். கேட்டால் மறைக்க மாட்டேன்.

5. வெள்ளிக்கிழமை உங்கள் கீழ்மாடிக்கு வருவேன். என் அறிக்கை சரியா என்று நீங்கள் சோதிக்கலாம். தொட்டும் பார்க்கலாம். இடது பக்கம் உணர்ச்சி இல்லை, அதனால் சொல்லிவிட்டுத் தொடுங்கள்.

6. கொக்கின் அம்மா படத்தைப் பார்க்கும்போது பக்கத்தில் உட்காருவேன். படத்தில் என் முகம் இருக்கும், அவர் மகன் இருப்பான். பக்கத்தில் நான் இருப்பேன், அந்த முகம் இருக்காது. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார். எதைப் பார்த்து அழுதாலும் எழுந்து போக மாட்டேன்.